நீலத் தண்ணீரில் மூன்று தங்கமீன்கள்

அந்தத் தெருவில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். பத்தொன்பது வருடமாக ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் ரத்தம் எடுத்துப் பஞ்சையும் ஒட்டிவிடுவாள். "ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது சொல்லுவாள். எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள், வீட்டுக்காரரைத் தவிர.

அவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். ஆள் உள்ளே நடந்து வருகிற தோரணையை வைத்தே முதுகில் எந்த எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவார். அந்தக் கெட்டிக்காரத்தனம் கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தால், கூடத்து மீன்தொட்டி இங்க் புட்டியைக் கவிழ்த்த மாதிரி நீலமாக இருக்கிறது. மூன்று தங்கமீன்களும் அதற்குள் மங்கலாகத் தெரிந்தன.

"என்னங்க இது?"

"வெண்புள்ளி நோய். பெரியவன் செவுள்ல பாரு, உப்பு தூவின மாதிரி இருக்கு. மூணு வீடியோ பார்த்துட்டுதான் மருந்து ஊத்தினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சையும் சோப்புப் போட்டு அலசிட்டேன். யப்பா, என்ன அழுக்கு!"

"மீனு சாப்பிட்டுச்சா? நல்லா நீந்திச்சா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. முத்த விடாமப் பார்த்துடணும்ல?"

"நல்லா இருந்ததுக்கு எதுக்குங்க மருந்து?"

"உனக்கு மனுஷ ரத்தம்தான் தெரியும். மீனு வேற" என்றார். காலையில் எடுத்த மீன் படத்தைக் குடும்பக் குழுவில் வேறு போட்டிருந்தார். அதற்கு அவர் தம்பி பத்துக் கும்பிடு அனுப்பியிருந்தார்.

வியாழக்கிழமை மூன்றும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின. மருந்து பத்தவில்லை என்று அவர் இன்னும் இரண்டு மூடி ஊற்றினார். மாமியாருக்கோ வேறு கவலை. "வாயத் தொறந்து கேக்குதுங்க. பச்ச உயிரப் பட்டினி போடுறீங்களே, உங்களுக்கு அடுக்குமா?" என்று ஒரு பன்னை உதிர்த்து முழுதும் போட்டுவிட்டார். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் இவ்வளவும் நடந்து முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, மூன்றில் சின்னதான வெள்ளை மீன் பக்கவாட்டில் மிதந்தது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தியா, எவ்வளவு முத்திருக்குன்னு. நான் மட்டும் கவனிக்கலன்னா மூணும் போயிருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. டிபன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று ஒரு பெரியவருக்கு நரம்பு பிடிபடாமல் இரண்டு தடவை குத்தினாள். அவளுக்கு அப்படி நடந்து எத்தனையோ வருடமாயிற்று.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, சுத்தமான குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்தாள். பழக்கதோஷத்தில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டினாள். வீட்டுக்காரர் எடுத்த படத்தைத் தன் போனில் வைத்துக்கொண்டு மீன் கடைக்கு நடந்தாள்.

முழங்கைவரை நனைந்த சட்டையோடு நின்ற கடைக்காரர் சோதனைக் குழாயில் தண்ணீரை ஊற்றிச் சொட்டு மருந்து விட்டார். உதட்டைப் பிதுக்கினார். "நீலம் ஏறிக் கிடக்கு. கலர் ஒண்ணும் தெரியாதுக்கா."

"ஒரு பங்குக்கு நாலு பங்கு பாட்டில் தண்ணி கலந்து பாருங்க."

அவர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு அப்படியே செய்தார். சற்று நேரத்தில் குழாய் பச்சையாக மாறியது. "இவ்வளவு கலந்தும் பச்சையா? மஞ்சளாவே நிக்கணும்க்கா. அமோனியா ஏகத்துக்கு இருக்கு. ஸ்பாஞ்ச அலசினீங்களா?"

"சோப்புப் போட்டு."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மீன் கழிவுல வர்ற விஷத்த அதுல இருக்கிற நல்ல கிருமிங்கதான்க்கா தின்னு தீர்க்கும். அத மொத்தமாக் கொன்னுட்டீங்க. சரி, எதுக்கு மருந்து ஊத்தினீங்க?"

அவள் படத்தைக் காட்டினாள். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். புள்ளிகள் உடம்பில் எங்கும் இல்லை. செவுள் மூடியிலும் முன்துடுப்பு ஓரத்திலும் மட்டும் வரிசையாக இருந்தன.

"இது நோயே இல்லக்கா. ஆம்பள மீனு. பருவத்துக்கு வந்திருக்கு, அவ்வளவுதான். மீசை முளைக்கிற மாதிரி."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் மீறி ஆத்திரம் வந்தது. ஒன்றுக்கு மீசை முளைத்தது என்று இன்னொன்றைக் கொன்றிருக்கிறார்கள்.

கடைக்காரர் தன் தொட்டியில் ஊறிய பழைய ஸ்பாஞ்சு ஒன்றைப் பையில் கட்டிக்கொடுத்தார். குளோரின் போக்குகிற மருந்து கலந்த தண்ணீரால் தினமும் மூன்றில் ஒரு பங்கை மாற்றச் சொன்னார். மூன்று நாள் தீனி கிடையாது, வேறு மருந்தும் கிடையாது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நோயாவும் இருந்திருக்கலாம்ல?" என்றார். அவள் தீனி டப்பாவையும் நீல மருந்தையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். மறுநாள் மாமியார் கையில் ரொட்டித் துண்டோடு தொட்டிப் பக்கம் போனதைப் பார்த்து, "அத்தை!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

பதினொரு நாள் வாளி சுமந்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று. பெரியவன் நான்காம் நாளே தெளிந்துவிட்டான். இன்னொன்றுக்கு வால் ஓரம் கிழிந்து மெதுவாக வளர்ந்தது. பன்னிரண்டாம் நாள் கடையில் சோதனைக் குழாய் பச்சைக்குத் திரும்பாமல் மஞ்சளாகவே நின்றது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியைப் பார்க்க வந்தார். அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். கூடத்தில் வீட்டுக்காரர் குரல் கணீரென்று கேட்டது.

"நிறைய பேரு இத நோய்னு நினைச்சு ஏமாந்துடுவாங்க சார். செவுள்ல மட்டும் புள்ளி இருந்தா அது ஆம்பள மீனு. நமக்குப் பார்த்ததுமே தெரிஞ்சிடும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணினாள். போதவில்லை. மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.