இரும்புலியூரில் நின்ற மாப்பிள்ளை லாரி

என் கல்யாணத்துக்குப் போகும் பெரியப்பாவின் பழைய லாரி, டீக்காக நிறுத்திய இரும்புலியூரிலேயே நின்றுவிட்டது. செங்கல்பட்டில் முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் முப்பது உறவினர்கள் சிரிக்கிறார்கள்.

இளநீர் விற்கும் அக்கா கத்தியோடு வருகிறார். "எங்க வூட்டுக்காரரும் லாரி டிரைவர்தான். செல்ஃப் சுத்துது, பொகையே வரல பாரு. டீசல் ஏறல. பைப்புல காத்து பூந்துகினு கீது."

பெரியப்பா டீசல் பைப்பின் நட்டைத் தளர்த்துகிறார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்ஜின் பக்கத்தில் டீசல் ஏற்றும் கைப்பம்பை நான் அடிக்கிறேன். காற்றோடு நுரைத்து வந்த டீசல் தெளிகிறது. நட்டை முறுக்கிச் சாவியைத் திருப்பியதும் லாரி உறுமுகிறது. எல்லோரும் கூவுகிறார்கள்.

"அக்கா, கையெல்லாம் டீசல் நாத்தம்!"

"பொண்ணு கேட்டா சென்ட்டுன்னு சொல்லுப்பா, ஏறு!"