நுரை இருக்கட்டும் அண்ணாச்சி!

கம்ப்ரசரிலிருந்து பழைய ஆயிலை வடித்தபோது வந்த அந்தக் கருகல் வாடை... இரண்டு நாள் சோப்புப் போட்டும் கையை விட்டுப் போகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு கார் ஏசி ஒர்க்‌ஷாப். ஐ.டி.ஐ. முடித்து நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அங்கே ஸ்பேனர் பிடித்த ஒரே பெண் நான்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடை பாய் தன் பழைய அம்பாசடரைக் கொண்டுவந்தார். அவருடைய வாப்பா ஆசையாக வாங்கிய வண்டி. டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் ஏசி. அதற்குப் போடும் பழைய கேஸ் குதிரைக்கொம்பாகிவிட்டதால், புது கேஸுக்கு மாற்ற வேண்டும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அப்படி மாற்றும் முதல் வண்டி அதுதான்.

ஓனர் அண்ணாச்சி, பழைய ஆயிலோடேயே புது கேஸை ஏற்றிவிடலாம் என்றார். அந்த ஆயில் புது கேஸோடு சேராது என்பதால் நான் கேட்கவில்லை. ஆயில், டியூப், ரப்பர் ரிங் எல்லாவற்றையும் மாற்றினேன். முணுமுணுத்தார், ஆனால் விட்டுவிட்டார்.

சண்டை வந்தது கேஸ் ஏற்றும்போதுதான்...

அப்போதெல்லாம் யாரும் கேஸை எடை போட்டு ஏற்ற மாட்டார்கள். லைனில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதற்குள் ஓடும் நுரை நிற்கும்வரை ஏற்றுவார்கள். பழைய கேஸுக்கு அது சரி. புது கேஸில் நுரை முழுதாக நிற்காது. நிற்கும் நிற்கும் என்று ஏற்றிக்கொண்டே போனால் பிரஷர் எகிறி கம்ப்ரசர் காலி. சிலிண்டரோடு வந்த தாளை ஒரு வரி விடாமல் படித்திருந்தேன்.

பக்கத்துப் பஞ்சுக்கடைத் தராசை இரவல் வாங்கி, சிலிண்டரை அதில் வைத்து, பழைய அளவைவிடக் கொஞ்சம் குறைத்தே ஏற்றினேன். வால்வை மூடினேன்.

அண்ணாச்சி குனிந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"ஏட்டி, நுரை ஓடுது பாரு. இன்னும் ஊத்து."

"நுரை இருக்கட்டும் அண்ணாச்சி. அளவு சரியா இருக்கு."

"இருவது வருசமா நுரையப் பாத்துத்தான் ஊத்துறேன். கூலிங் வரலேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

"சரி அண்ணாச்சி. ஆனா இதுக்கு மேல நான் ஊத்த மாட்டேன்."

வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். ஆனாலும் சிலிண்டரை விட்டு நகரவில்லை.

சித்திரை மாத உச்சி வெயில். பாய் ஓட்ட, முன்சீட்டில் அண்ணாச்சி, பின்னால் நான். முதலில் வந்தது வெறும் சூடான காற்று... எனக்குப் பாய் முகத்தைப் பார்க்கவே தைரியம் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணில் பட்ட நேரம், பாய் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, செத்த கொறைச்சுக்கிடவா? குளிருது."

அண்ணாச்சி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் இன்னொரு பழைய வண்டி வந்தது. அவரே போய்த் தராசைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"எம்புட்டுன்னு சொல்லு."

இப்போது மெஷினே கிராம் கணக்காக ஏற்றிவிடுகிறது. அப்படி மல்லுக்கட்ட ஆளே இல்லை... ஒருவகையில் அது கொஞ்சம் வருத்தம்தான்.

சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்தும் வருஷங்கள் ஓடிவிட்டன. இன்னும் சிலர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். போன வாரம்கூட ஒருவர் வந்தார்.

"மெக்கானிக் யாரும் இல்லியாம்மா?"

"நாந்தான். சாவியக் குடுங்க."