மெயின்பிரேமுக்கு நாடி பார்க்கும் பவானேஸ்வரி

செருப்பைக் கதவோரம் விட்டுவிட்டு, பஞ்சாபி உடைக்கு மேலே ஆண்பிள்ளைகள் போடும் மெரூன் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, பவானேஸ்வரி குளிரூட்டிய கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைகிறார். அதற்கு முன்பே ஒரு நாசி லெமாக் பொட்டலம் காலியாகியிருக்கும். "வெறும் வயித்துல செவப்பு எழுத்தப் பாக்கக் கூடாது தம்பி, மண்டைக்கு ஏறிடும்" என்பது அவருடைய சித்தாந்தம். ராத்திரி முழுக்க ஓடிய மெஷின் துப்பிவைத்திருக்கும் அகலத் தாளைக் கையில் எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வாசித்துக்கொண்டு போவார். சிவப்பில் வரும் கெட்ட சேதி எப்போதும் கடைசியில்தான் இருக்குமாம்.

அந்தத் தாளுக்கு ஹெல்த் செக் என்று பெயர். மலாக்காவின் ஆயர் குரோவில் உள்ள ஒரு தோட்டக் கம்பெனியின் மாடியில், அலமாரி அலமாரியாக நிற்கிறது மெயின்பிரேம் என்கிற பெரிய கணினி. கம்பெனியின் தோட்டங்களில் வேலை செய்யும் அத்தனை பேருடைய பெயரும், பிறந்த தேதியும், வேலைக்குச் சேர்ந்த வருடமும் அதன் வயிற்றுக்குள்ளே கிடக்கின்றன. அந்த வயிற்றுக்கு வைத்தியம் பார்ப்பவர் இவர். கீழ்மாடியில் ஆள்பதிவுப் பிரிவில் குப்பை கொட்டுகிற எனக்கு, வாரத்தில் இரண்டு நாளாவது அவருடைய வைத்தியப் பிரதாபங்களைக் கேட்கும் பாக்கியம் உண்டு.

புலாவ் செபாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகள். இப்போது புக்கிட் பெருவாங்கில் தொடர்வீடு, வாசலில் புரோட்டோன் சாகா கார். தன்னடக்கம் என்கிற சரக்கு அவர் கடையில் கிடையாது. "மலாக்காவுல இந்த மெஷினத் தொட்டுப் பாத்தே நோவு சொல்ற ஆளு நான் ஒருத்திதான்லா" என்று கேன்டீனில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். சொல்வதோடு நிற்காமல், நிஜமாகவே அந்த இரும்பு அலமாரிகளின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். சூடு பார்க்கிறாரா, ஆசீர்வாதம் செய்கிறாரா என்று எங்களுக்குள் ஒரு பந்தயமே உண்டு.

ஆனால் நோய் கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கோப்பைப் புதிதாக அடுக்கிவிட்டு நகல் எடுக்க மறந்தால், மெஷின் அந்தக் கோப்பைப் பூட்டிக்கொள்ளும். இரவுப் பணியாளர்கள் பதறிப்போய் மறுபடி மறுபடி முட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் வந்து, "பால் காய்ச்சாம குடி போனா வீடு சேருமா? மொதல்ல காப்பி எடுலா, தன்னால தொறக்கும்" என்பார். திறக்கும். இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் விடியவிடிய நின்றிருந்தால், "ரெண்டு சம்பந்திங்களும் மொறச்சிக்கிட்டு நிக்கிறாங்க, ஒருத்தர வெளிய அனுப்பு" என்று ஒன்றை நிறுத்துவார். மற்றது ஓடிவிடும். நோய் என்னவென்று பார்க்காமல் மெஷினை அணைத்துப் போடுகிறவர்களை மட்டும் அவர் மன்னிப்பதில்லை.

அவருடைய பெருமைக்கு ஒரு சோதனை தொண்ணூற்றாறாம் வருடம் வந்தது.

புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றைக் கம்பெனி மூடியது. இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் பாயா ரும்புட்டில் ஒரு சின்ன வீடு என்று ஏற்பாடு. யார் யாருக்கு என்பதை மெஷின் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் பெயர்களை வாசிக்க வேண்டும். தோட்டத்தின் இரண்டு டிவிஷன் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்க்கும் வேலை பவானேஸ்வரியிடம் வந்தது. டிவிஷன் மாறிப் போனவர்களை இரண்டு இடத்திலும் பதிந்து வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை ஒரே மூச்சில் அந்த இரட்டைப் பதிவுகளைக் கழித்துக் கட்டினார். அன்று கேன்டீனில் அவர் அளந்த அளப்பில் என் மீ கோரேங் ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை காலை ஹெல்த் செக்கின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு. ஆள் பதிவு ஒரு கோப்பு. அந்த ஆள் எந்த வருடம் எந்த வேலை செய்தார் என்பது அதற்குக் கீழே இன்னொரு கோப்பு. கீழே வேலைப் பதிவுகள் சில இருக்கின்றன, மேலே அவற்றுக்கு உரிய ஆளைக் காணவில்லை என்றது அறிக்கை. இது அடிக்கடி வரும் சளிக்காய்ச்சல்தான். ஆளில்லாத பதிவுகளை அழித்துவிடச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தால் சிவப்பு மறைந்துவிடும். கணினிப் பிரிவுத் தலைவர் தனபாலன் அதைத்தான் சொன்னார்.

"அழிச்சிட்டு ஓட்டிருங்க பவானி. பேரு லிஸ்ட்டு மத்தியானத்துக்குள்ள வேணும்."

"சார், இதுல ஒண்ணு அறுவத்தெட்டுலேருந்து வேல செஞ்ச பதிவு. இத்தன வருசம் காத்தா வந்து பால்மரம் வெட்டிச்சி? ஆளு எங்கன்னு கேக்காம அழிக்க மாட்டேன்."

வழக்கமாக அவரே அந்தக் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிறவர்தான். அன்று மட்டும் அவருக்குள் ஏதோ உறுத்தியிருக்கிறது. முந்தின நாள் கழித்ததையெல்லாம் மெஷின் தூக்கி எறிந்துவிடுவதில்லை; தனியாக ஒரு கோப்பில் ஒதுக்கி வைத்திருக்கும். அதைத் திறந்து, அந்த அறுபத்தெட்டாம் வருடப் பதிவுக்கு உரிய பெயரைப் பார்த்தவர், விறுவிறுவென்று என் மேசைக்கு வந்தார். "தம்பி, இருளாண்டின்னு எத்தன கார்டு இருக்கு, எடு" என்றார். ஸ்வெட்டரைக் கழற்றக்கூட இல்லை.

இரண்டு அட்டைகள் இருந்தன. ஒரே தோட்டம், ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி. புகைப்படங்களில் ஒருவருக்கு முறுக்கு மீசை, மற்றவருக்கு வழுக்கை. ஒருவர் அங்கமுத்துவின் மகன், மற்றவர் பிச்சைமுத்துவின் மகன். அண்ணன் தம்பியான அந்த அப்பாக்கள் இரண்டு பேரும் மூத்த பிள்ளைக்குத் தங்கள் அப்பா பெயரை வைத்திருக்கிறார்கள். கிராணி என்கிற தோட்டத்துக் குமாஸ்தா, பிள்ளைகளின் பிறப்பைத் தான் டவுனுக்குப் போன ஒரு நாளில், எல்லோரும் அன்றே பிறந்ததாக மொத்தமாகப் பதிந்துவிட்டு வந்திருக்கிறார்.

பவானேஸ்வரி என் எதிரே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பழைய அடையாள அட்டை எண்ணும் புதிய எண்ணும் கலந்து கிடந்த காலம் அது. அப்பா பெயரையோ ஆளுக்கு ஒரு மாதிரி அடித்து வைத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாமல், பெயரும் பிறந்த தேதியும் தோட்டமும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று மெஷினுக்குச் சொன்னது அவர்தான்.

"வேற யாரு பண்ணியிருந்தாலும் சரின்னு விட்டுருவேன்லா" என்றார். "எனக்கே அந்த மாதிரி தேதிதான். எங்க தோட்டத்து லயத்து வீடுங்கள்ல என்கூட அதே நாள்ல பொறந்ததா ஒரு பஸ்ஸு நெறைய ஆளு இருக்காங்க. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"யானைக்கும் அடி சறுக்கும் அக்கா" என்றேன் ஆறுதலாக.

"யானை சறுக்குனா அதுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. கீழ நிக்கிறவன் நசுங்கிருவான். கார்டெல்லாம் எடு."

ஒதுக்கி வைத்த ஒவ்வொரு பெயருக்கும் நான் அட்டையைத் தேடி எடுத்து அப்பா பெயரை வாசித்தேன், அவர் சரிபார்த்தார். பெரும்பாலானவை உண்மையான இரட்டைதான். முனியாயி என்ற பெயரில் இரண்டு பெண்களும், இந்த இருளாண்டிகளும், இன்னும் சிலரும் தனித்தனி ஆட்கள். அப்பா பெயரைச் சீராக்கி, அதையும் அடையாளத்தில் சேர்த்து, கழித்த ஆட்களைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தார். வேலைப் பதிவுகள் தங்கள் ஆட்களோடு சேர்ந்துகொண்டன. மறுபடியும் சோதனை ஓட்டினார், நகல் எடுத்தார். சாயங்காலம் அறிக்கையின் கடைசிப் பக்கம் சுத்தமாக வந்தது.

லிஸ்ட் தாமதமானதற்கு மேலிடத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். தனபாலன் நல்ல மனிதர். "மெஷின் கோளாறுன்னு சொல்லிருவோம் பவானி, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

"மெஷின் மேல பழி போடாதீங்க சார். நான் சொன்னதத்தான் அது செஞ்சிச்சி. தப்பு பவானேஸ்வரியோடதுன்னு சொல்லுங்க. கண்டுபுடிச்சதும் திருத்துனதும் பவானேஸ்வரிதான், அதையும் மறக்காம சேத்துச் சொல்லுங்க."

தப்பை ஒப்புக்கொள்ளும்போதும் தலையைக் குனியாத ஒருவரை அன்றுதான் பார்த்தேன். இவரோடு ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறேன் என்பதில் எனக்கு அன்றைக்கு வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டார். யாரும் அவரை அழைக்கவில்லை. "நான் சேத்த பேர நானே காதால கேக்கணும்லா" என்று சொல்லிக் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர்கள் வரிசையாக வந்தன. "இருளாண்டி" என்றார் நிர்வாகி. அடுத்து வந்த அப்பா பெயரை, கிறீச்சென்று கத்திய மைக் விழுங்கிவிட்டது.

முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒன்னயத்தான்டா கூப்புடுறாங்க. நீ புள்ளகுட்டிக்காரன், போ" என்று கடைசி வரிசைவரை கேட்கும்படி சொல்லிவிட்டு வழுக்கைத் தலைக்காரர் மெதுவாக உட்கார்ந்தார்.

பவானேஸ்வரி எழுந்தார். நடுவில் இருந்த நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு, பட்டுச் சேலை கசங்குவதைப் பார்க்காமல் முன்வரிசைக்கு நடந்தார். வழுக்கைத் தலைக்காரரின் கையைப் பிடித்து இழுத்து மீசைக்காரருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டாவது இருளாண்டியின் பெயர் மைக்கில் வரும்வரை பிடித்த கையை விடவில்லை.