ஒரே பேட்ச், எட்டுப் பெட்டி

துப்பாக்கிச் சங்கத்தில் அவரை 'பேட்ச் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பது அவர் பிழைப்பு. அதே கேள்வியை ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டாக்களிடம் கேட்பார். அவை வாய் திறந்து சொல்லாததால் சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கடையில் அவர் மனைவி ஒருநாள் சொன்னாள்: "ஏங்க, ரெண்டு தடவையோட நிறுத்துங்க. நாலாவது தடவை கேட்டீங்கன்னா தெரிஞ்சவங்களுக்கும் தெரியாம போயிடுது."

"கண்ணு விஷயத்துல அவசரப்படக் கூடாது" என்றார். அந்த வாடிக்கையாளர் அதற்குள் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டிருந்தார்.

அவருடைய துப்பாக்கி பாயின்ட் டூ டூ. சுண்டுவிரல் நுனி அளவுத் தோட்டா. அடி விளிம்பில் தட்டினால் வெடிக்கும். பெட்டிக்கு ஐம்பது. பார்க்க எல்லாம் ஒரே அச்சு. ஆனால் ஒரு குழலுக்குப் பிடிக்கிற தோட்டா இன்னொரு குழலுக்குப் பிடிக்காது. அதே கம்பெனித் தோட்டாவில்கூட பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரித்த சரக்கு, மாறினால் குணம் மாறும். இதெல்லாம் உண்மைதான். உண்மை என்பதுதான் வினையே. பொய்யாக இருந்திருந்தால் மனிதர் எப்போதோ பிழைத்திருப்பார்.

சங்கத்தின் அணியில் நாலே பேர். பதினோரு வருஷமாக அவர் அதில் ஒருவர். இரண்டு வருஷமாகப் புள்ளி சரிந்துகொண்டே வந்தது. வயது என்று சிலர் சொன்னார்கள், கவனம் என்று சிலர். அவர் தோட்டா என்றார். வேகத் தோட்டா வாங்கி, அது சிதறுகிறது என்று தள்ளினார். மெதுவாகப் போவது வாங்கி, மேல்மெழுகு சரியில்லை என்றார். நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தார். விளிம்பின் தடிமனை அளந்து நோட்டில் எழுதினார். பெண்டாட்டியின் பிறந்தநாள் மறந்துபோகும். பேட்ச் நம்பர் தூக்கத்திலும் வரும்.

இந்த வருஷம் அணித் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது வரம் கிடைத்தது. ஒரு பெட்டியிலிருந்து பத்துச் சுட்டுப் பார்த்தார், பத்தும் ஒரே ஓட்டை! சங்கத்து ஸ்டோரில் அந்தப் பேட்ச் மொத்தம் எட்டுப் பெட்டி. எட்டையும் அள்ளிக்கொண்டு வந்து துணி பீரோவில் பூட்டினார்.

அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். இரண்டாவது பெட்டியும் முதல் பெட்டி மாதிரியேதானா என்று சந்தேகம் வந்தது. சுட்டுப் பார்த்தார், அப்படியே இருந்தது. பூரித்துப்போனார். மூன்றாவது? அதுவும் பிரமாதம். நல்ல தோட்டா என்று ஏழு பெட்டி தீர்ப்புச் சொன்னது. ஏழும் தீர்ந்தும் போயின.

தேர்வு நாள் காலையில் அவர் கையில் ஒரு பெட்டி, ஐம்பது தோட்டா. இலக்கு அட்டை ஒன்றுக்குப் பத்துக் குண்டு, நூறு புள்ளி. மொத்தம் ஐந்து அட்டை. கச்சிதமாகச் சரி. மனைவியும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். அவள் தம்பியும் இந்த முறை போட்டியில் இருந்தான். முந்தின சுற்றிலேயே சுட்டுமுடித்து நானூற்று அறுபத்தைந்து வாங்கி, அதுவரை நாலாவது இடத்தில் இருந்தான். இவர் அதற்குக் குறைந்தால் இடம் அவனுக்கு.

போட்டிக்கு முன் பதினைந்து நிமிஷம் பழகிக்கொள்ளலாம், விரும்பினால். இவர் பெட்டியைத் திறந்தார். எட்டாவது பெட்டி. இதுவும் அதே மாதிரி இருக்குமா?

பத்துப் போட்டுப் பார்த்தார். அதே மாதிரிதான் இருந்தது.

போட்டி தொடங்கியது. அட்டை அட்டையாகப் புள்ளி விழுந்தது: தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூறு, தொண்ணூற்றொன்று. ஒவ்வொரு தோட்டாவையும் உள்ளே தள்ளுமுன், இது எப்படியோ என்று விரலில் உருட்டிப் பார்த்தார். நாலாவது அட்டை முடிந்து கையை நீட்டினால் பெட்டி காலி. பழகும்போது போட்ட பத்து அப்போதுதான் உறைத்தது. காது மடல் சிவந்துபோயிற்று.

மச்சான் பின்னாலிருந்து பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டு, வண்டிச் சாவியும் மிட்டாய்த் தாளும் விலக்கி, உதிரியாகப் பத்து எடுத்தான். "இந்தாங்க அத்தான். சாதா தோட்டாதான்."

"இதுல எப்படிடா சுடுறது?"

"இருக்கறத வச்சிச் சுடுங்க."

ஆள் நம்பிக்கையை ஒரேயடியாகக் கைகழுவிவிட்டார். இனி நாசமாய்ப் போனால் பழியைத் தோட்டாவின் தலையில் போட்டுவிடலாம். அந்த நினைப்பில் தோள் தானாகத் தளர்ந்தது. பஞ்சு ஒட்டியிருந்த தோட்டாக்களைத் துடைக்கக்கூட இல்லாமல் போட்டு, இழுத்து, போட்டு, இழுத்து முடித்தார்.

தொண்ணூற்றொன்பது.

கூட்டினார்கள். நானூற்று அறுபத்து மூன்று. பதினோரு வருஷத்து இடம் இரண்டு புள்ளியில் போனது. மச்சான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

மனைவி ஐந்து அட்டைகளையும் வாங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. நாலாவதை ஒரு கையிலும் ஐந்தாவதை மறு கையிலும் அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். நாற்காலியில் உட்காரும் ஆட்களைப் போலவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்தது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

அவர் மச்சான் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீ குடுத்த தோட்டாவோட பெட்டி எங்க? பேட்ச் நம்பர் பாக்கணும்."

"பெட்டியா? காலைலயே கிழிச்சு அந்தக் குப்பைத்தொட்டில போட்டுட்டேன், அத்தான்."

அணிப் பட்டியலை வாசிக்கக் கூப்பிட்டபோது மனைவி மட்டும் போய் நின்றாள். தம்பி பெயரை வாசித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். அவர் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார்.