பெட்ரோலில் கரைந்த திருமுகம்

என் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளில் முருகப்பெருமான் எழுந்தருளியிருந்தது பெட்ரோல் டாங்க்கின் இடப்புறத்தில். வலப்புறம் முழுவதையும் அவருடைய மயில் எடுத்துக்கொண்டது. ஆவடி ரயில் நிலையத்தருகே கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் பெயின்டர் ஒருவர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் குந்தி அமர்ந்து தீட்டிய சித்திரம் அது. சித்தப்பா தொழிற்சாலைக்குப் போகும் வழியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளியில் விடுவார். ஒன்பது வயதுச் சிறுமியான நான், அப்பா மனப்பாடம் செய்வித்த பதிகங்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவேன். இரைச்சலில் ஒரு சொல்லும் யாருக்கும் கேட்காது என்பது வேறு விஷயம்.

ஒரு திங்கட்கிழமை, பெட்ரோல் போடும்போது டாங்க் நிரம்பி வழிந்துவிட்டது. சாமி நனைகிறாரே என்று பதைத்த சித்தப்பா, தோள் துண்டால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். சும்மா விட்டிருந்தால் ஒருவேளை உலர்ந்திருக்கும். பக்தி மிகுந்த காரணத்தால் திருமுகமே போயிற்று. ஒரு கண் கன்னத்துக்கு இறங்கியது, புன்னகை காதுவரை நீண்டது, வேல் வளைந்தது.

அம்மா வண்டியின்மேல் சாக்கைப் போட்டு மூடினாள். அப்பா சாக்கை விலக்கிப் பார்த்தார். நாள் தவறாமல் விடியற்காலையில் எழுந்து, நீராடி, திருநீறு பூசிப் பதிகம் பாடுகிறவர் அவர். பின்னமான திருவுருவம் வீட்டில் இருக்கலாகாது என்பது அவர் கொள்கை. எங்கள் தெருவில் கண்ணாடி உடைந்த சாமி படங்களையும் கை ஒடிந்த பொம்மைகளையும் குளக்கரை அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருவார்கள். அப்பாவின் தீர்ப்பும் அவ்வழியே சென்றது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சாமிய நேராக்கு. இல்லன்னா வண்டியக் கொண்டுபோய் மரத்தடியில வுட்டுடு."

"அண்ணா, மரத்தடியில வுட்டா சாமி இருப்பாரு. வண்டி இருக்குமா?" என்றார் சித்தப்பா.

அப்பா சிரிக்கவில்லை. ஒருமுறை சொன்னதை அவர் திரும்பப் பெற்றதாக எங்கள் வீட்டில் எவருக்கும் நினைவில்லை.

கலைந்த சித்திரத்தின்மேல் வேறொன்று தீட்ட இயலாது. அடிவரை தேய்த்தெடுத்தால்தான் புதுப் பெயின்ட் பிடிக்கும். தேய்ப்பது யார்? சித்தப்பா உப்புத்தாளை எடுத்தார். திருமுகத்தைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். பெயின்டரை வீட்டுக்கே அழைத்து வந்தார்.

"அண்ணாத்தே, சாமியப் போடச் சொல்லு, நூறு தபா போடறேன். சொரண்டச் சொல்லாத. எனக்கும் புள்ளகுட்டி கீது" என்றார் அவர்.

"நீ போட்ட சாமிதானே?"

"போட்ற வரிக்கும்தான் அது பெயின்ட்டு. கண்ணு தொறந்த அப்பால அது சாமி."

மறுநாளும் வந்து அவர் அதையே சொன்னார். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. சித்தப்பா வண்டியின் ஸ்டாண்டைத் தள்ளினார். மரத்தடிக்கு உருட்டிச் செல்லத் துணைக்கு வந்திருந்த பெயின்டர் பின்னால் கை கொடுத்தார். அவ்வளவு துயரமாக ஒரு வண்டி எங்கள் வாசலைக் கடந்ததில்லை. அந்தக் கணத்தில் எனக்கு எங்கள் சிவன் கோயிலின் நினைவு வந்தது. அங்கே அப்போது திருப்பணி நடந்துகொண்டிருந்தது. வேலை தொடங்கும்முன் குருக்கள் தர்ப்பையால் மூர்த்தியைத் தொட்டு, இறையருளை நீர் நிறைந்த கலசத்துக்கு மாற்றி வைத்ததை நான் பார்த்திருந்தேன்.

"கோயில்லயே சாமிய செம்புல எறக்கி வெச்சுட்டுத்தானே சித்தப்பா உளியால கொத்துறாங்க! நம்மளும் எறக்கிட்டுத் தேய்க்கலாமே!"

வண்டி நின்றது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"தர்ப்பை பூஜை அலமாரியில கீது. பதிகம் பத்து பாட்டும் தப்பில்லாம சொல்லணும்" என்றார்.

பித்தளைச் செம்பில் மஞ்சள் நீரும் மாவிலையும் தேங்காயும் வைத்து அம்மா கொண்டுவந்தாள். வாசலில் நின்று பத்துப் பாட்டும் பாடினேன். தர்ப்பை நுனியால் கலைந்த திருமுகத்தைத் தொட்டேன். பிறகு செம்பைத் தொட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு துளியும் சிந்தாமல் பெருமானைப் பூஜை அறைக்குத் தூக்கிச் சென்றேன். செம்பு முன்னைவிடக் கனத்ததாகச் சத்தியம் செய்யவும் தயாராயிருந்தேன்.

"போயிட்டாரா பாப்பா?" என்று தயங்கியபடி கேட்டார் சித்தப்பா.

"போயிட்டாரு. தேயுங்க!"

"எனக்கும் ஒரு துண்டு குடு" என்று பெயின்டர் கை நீட்டினார்.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து இருவரும் தேய்த்தார்கள். மயிலின் நீலம் ஒழுகியது; பச்சை ஒழுகியது; பிறகு அடிப்பூச்சின் சாம்பல் நிறம். கடைசியில் இரும்பு பளிச்சென்று சிரித்தபோது தெருவே கைதட்டியது. மறுநாள் இரண்டு பூச்சுக் கருப்பு ஏறியது. மீண்டும் சாமியைத் தீட்டவா என்று பெயின்டர் கேட்டார்.

"அவரு ஊட்டுக்குள்ளயே இருக்கட்டும். பெட்ரோல் போடற எடத்துல அவருக்கு இன்னா வேல?" என்றார் அப்பா.

திங்கட்கிழமை காலை படமில்லாத அந்தக் கருப்பு வண்டியில், தேரில் போகும் அரசியைப்போல் நான் பள்ளிக்குப் போனேன். யாராலும் மாற்ற முடியாத அப்பாவின் சொல்லை நான் மாற்றிவிட்டேன் அல்லவா? வகுப்பு முழுவதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வாசலில் நான் பாடியபோது அப்பா தூணருகே நின்றிருந்தார். அவர் உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. என் பாட்டில் பிழை தேடுகிறார் என்றெண்ணி, ஒவ்வொரு எழுத்துக்கும் அஞ்சி அஞ்சிப் பாடினேன். பல்லாண்டு கழிந்து, என் மகனிடம் ஒரு கடுஞ்சொல்லைச் சொல்லிவிட்டு, அதை விழுங்கவும் வழியின்றிப் பூஜை அறையில் நின்ற நாளில்தான் எனக்கு விளங்கியது: தம்பியின் வண்டி எப்படியாவது வீட்டிலேயே தங்கிவிட வேண்டுமென்று அன்று அவரும் வேண்டிக்கொண்டிருந்தார்.