மூன்றே முக்காலுக்குச் சிரித்த கூரை

போன மாதம் அக்கா மகனின் கலியாணத்துக்கு வேட்டி வாங்க லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு தமிழ்க் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெடியன் ஒன்றை விரித்து, தன் இடுப்பில் ‘கர்ர்’ என்று ஒட்டிக் காட்டினான். வெல்க்ரோ ஒட்டுப்பட்டி.

“கட்டத் தேவையில்லை அங்கிள். டான்ஸ் ஆடினாலும் விழாது.”

“விழாட்டித்தான் தம்பி எனக்குப் பயம்.”

அவனுக்கு விளங்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், லண்டனில் ஒரு நாடக அரங்கின் நிலவறையில் உடுப்புத் தோய்த்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் ‘நாடகத்துறை’ என்று மட்டும் எழுதுவேன். பழங்கால ரோமாபுரியில் நடக்கும் ஒரு கோமாளிப் பாட்டு நாடகத்தை அப்போது மறுபடியும் மேடையேற்றியிருந்தார்கள். அடிமைகள், கிழட்டுப் பிரபு, ஓட்டம், ஒளிப்பு என்று கேள்விப்பட்டதோடு சரி. நான் கண்டதெல்லாம் அவர்கள் சுற்றிக்கொள்ளும் நீள வெள்ளைத் துணிகளையும் அவற்றின் வியர்வையையும்தான். மதியக் காட்சி நாட்களில் மூன்றே முக்காலுக்கு என் தலைக்கு மேல் கூரை இடிவதுபோல ஒரு சிரிப்புக் கேட்கும். எதற்கென்று கேட்டதில்லை. எனக்கு அது தேத்தண்ணி மணி.

ஒரு புதன்கிழமை, நடிகர்களுக்கு உடுத்திவிடும் மார்கரெட் வரவில்லை. மேடை மேலாளர் படியிறங்கி வந்து, “நீ போய் ஹென்றிக்கு உடுத்திவிடு,” என்றார். ஹென்றிதான் கிழட்டுப் பிரபு. அறுபது வயது, வண்டி வயிறும் பெரிது. எனக்கு நிரந்தர வேலை உண்டென்று குடிவரவுக்காரருக்குக் காட்டக் கடிதம் கேட்டிருந்ததும் அந்த மேலாளரிடந்தான். கடிதம் இல்லையென்றால் விசா இல்லை. ஆகவே என் திறமையைக் காட்டுவதென்று தீர்மானித்தேன். சபை நடுவே ஒருவன் வேட்டி அவிழ்ந்தால் அவனுடைய பேரனுக்கும் ஊரில் பட்டப்பெயர் நிலைத்துவிடும். தேர் இழுக்கப் போகிறவனுக்குக் கட்டுவதுபோல் சுற்றி, இழுத்து, செருகி, உள்ளுக்குள் ஒரு முடிச்சும் போட்டேன்.

“கொஞ்சம் இறுக்கமாக இருக்குதே?” என்றார் ஹென்றி.

“உயிர் போனாலும் இது போகாது, சேர்,” என்றேன்.

மேடை ஓரத்தில் நின்று முதன்முறையாக நாடகம் பார்த்தேன். மூன்றே முக்காலுக்கு அடிமை வேடக்காரன் ஹென்றியின் துணி நுனியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். ஹென்றி பம்பரமாகச் சுற்றினார், துணி அசையவில்லை. சபையில் இருமல் மட்டும். இத்தனை நாளும் கூரை சிரித்தது எதற்கென்று அப்போது விளங்கியது. கொழும்பு விமானம் கண்ணுக்குள் வந்தது. அதிலும் எனக்கு நடு இருக்கை.

ஹென்றி என்னைத் திரும்பிப் பார்த்தார். “இதைக் கட்டியவனைக் கொண்டுவாருங்கள்!” என்று முழங்கினார். யாரோ தள்ளிவிட, பழுப்பு மேலங்கியோடு ரோமாபுரிக்குள் போய் நின்றேன். என் கைக்கே நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. முழந்தாளிட்டுப் பல்லால் இழுத்தேன்.

“ஆறுதலாகச் செய் மகனே,” என்றார் ஹென்றி. “பேரரசு விழ இன்னும் நானூறு வருசம் இருக்கு.”

முடிச்சு விட்டது, துணி விழுந்தது. அன்று கூரை சிரித்த சிரிப்பை நிலவறையில் இருந்து கேட்டிருந்தால் கட்டடம் விழுகிறதென்று தெருவுக்கு ஓடியிருப்பேன்.

மேலாளர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. வெள்ளிக்கிழமை கடிதம் கிடைத்தது. அடியில் ஹென்றி தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘இவர் கட்டியது அவிழாது, நானே சாட்சி.’ ஆர்ச்வேயில் என்னோடு ஒரே அறையில் இருந்த சிவம் அண்ணை வாசித்துவிட்டு, “டேய், முருகனுக்கு ஒரு தேங்காய் உடை. வெள்ளைக்காரனுக்கு வேட்டி கட்டி விசா எடுக்கிறவன் நீ ஒருத்தன்தான்,” என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அதே நாடகம் வேறோர் அரங்கில் திரும்ப வந்தது. ஹென்றி அதற்குள் காலமாகிவிட்டார். மனைவியோடு போய்ச் சபைக் கதிரையில் இருந்து பார்த்தேன். புதுப் பிரபுவின் துணி இழுத்த மாத்திரத்தில் விழுந்தது. சபை சிரித்தது. அதற்கு ஒரு கணம் முந்தி ‘கர்ர்’ என்று கேட்டது எனக்கு மட்டுந்தான். விழுமோ விழாதோ என்று மேடையில் ஒருவருக்கும் வியர்க்கவில்லை.

“ஏனப்பா நீங்கள் சிரிக்கேல்லை?” என்றாள் மனைவி.

பழைய அரங்கு இப்போது அடுக்குமாடி வீடுகள். போன ஞாயிறு மோர்டனில் கலியாணம். வெல்க்ரோ வேட்டிதான், விழாதென்று தெரியும். ஆனாலும் என் இடது கை நாள் முழுக்க இடுப்பை விடவில்லை. மூன்றே முக்காலுக்கு ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். மண்டபத்துக் கூரை சும்மா இருந்தது.