மிதியில் கேட்ட வார்த்தை

தையல் மெஷின் பழுது பார்க்கும் அவரை எல்லோரும் எண்ணெய்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மெஷினைக் கொண்டுபோனாலும், "முதல்ல எண்ணெய் விடு" என்பார். மனுஷருக்குக் காது கூர்மை, சந்தேகம் அதைவிடக் கூர்மை. காசு கொடுத்து வாங்கிய கத்தரிக்கோலையே திருட்டுப் பொருளோ என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

ஒருநாள் மதியம் சாப்பிட வந்தவர் மாடிப்படியிலேயே நின்றுவிட்டார். வீட்டு மெஷினின் மிதி சரியாக ஓடவில்லை. டக், டக், டம், டக், டக். நடுவில் மட்டும் ஓங்கி ஒரு மிதி. உள்ளே போனதும் சத்தம் நின்றது.

மெஷினைப் பிரித்தார், துடைத்தார், எண்ணெய் விட்டார். ஒரு குறையும் இல்லை. மறுநாளும் அதே டக், டக், டம். கதவைத் தள்ளினால் ஊசிக்கடியில் துணியே இல்லை! மனைவியின் உதடு மட்டும் அப்போதுதான் மூடியது.

"யார்கூடப் பேசிட்டிருந்தே?"

"மெஷின்கூட. அதுதான் குறுக்கே பேசாது."

 அடுத்த நாள் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, பூனை மாதிரி ஏறி, கதவில் காதை வைத்தார்.

"ரே, டி, யா, ல, ஜி." 'யா'வில் ஓங்கி மிதித்தாள்.

கதவைத் திறந்தார். அவள் சட்டென்று மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில மைக்ல கூப்பிடுற வேலைங்க. நாளைக்கு வாசிக்கச் சொல்லிப் பார்ப்பாங்க. நீள நீளமான இங்கிலீஷ் வார்த்தை, எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்கு 'ரேடியாலஜி'ங்கிற மாதிரி. துண்டு துண்டா வெட்டி, ஒரு துண்டை மட்டும் அழுத்தணுமாம். எதை அழுத்தணும்னு வாய் மறந்துடுது, கால் மறக்கல."

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"போன தடவை என் தம்பி முன்னாடி என் இங்கிலீஷைப் பேசிக்காட்டிச் சிரிச்சீங்களே. அதுக்கப்புறமுமா?"

அவர் குனிந்து மெஷின் சக்கரத்தின் பெல்ட்டைக் கழற்றினார்.

"வேலைக்குப் போகக்கூடாதுன்னு கழட்டுறீங்களா?"

"சக்கரம் சுத்துற இரைச்சல்ல அழுத்தம் தெரியல. இப்ப மிதி."

மிதித்தாள். ரிப்பேருக்கு வந்த மெஷினைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நடுவுல இன்னும் கொஞ்சம் ஓங்கணும்."

கேலியோ என்று அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். சிரிப்பைக் காணோம். இருந்தாலும் நம்பிக்கை வரவில்லை. இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் ஓங்கி மிதித்தாள்.